பட்டினி போட்ட பூனை எலி பிடிக்குமா?



நம் காரமடைப் பக்கத்தில் கடலையோ சோளமோ அறுவடையாகி மூட்டை வீட்டுக்குள் ஏறியதும், அதன் பின்னாலேயே எலியும் ஏறிவிடும். ராத்திரியில் கூரை மேல் ஓடுகிற சத்தம், காலையில் ஓட்டை விழுந்த சாக்கு, தரையெல்லாம் சிந்திய தானியம். உடனே நாம் என்ன செய்கிறோம்? மாமன் வீட்டிலோ தங்கச்சி வீட்டிலோ பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரித்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து விடுகிறோம். வந்த அன்றைக்கு ஒரு கிண்ணம் பால். மறுநாள் கொஞ்சம் தயிர்ச் சோறு. மூன்றாம் நாள் அதுவும் கிடையாது. கேட்டால், "ஏனுங்க, சோறு போட்டுப் பழக்கிட்டா அது எப்பிடிங்க எலி புடிக்கும்? வயிறு காஞ்சாத்தானே புடிக்கும்?" என்று ஆத்தா ஒரு நியாயம் சொல்லுவார்.

இந்த நியாயம் சரிதானா? பூனையும் மனிதனும் சேர்ந்து வாழ்ந்த கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். அதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். புதிதாகப் பூனை வளர்க்கிறவர்கள் என்ன தீனி போடவேண்டும், என்ன ஊசி போடவேண்டும் என்பதும் அந்தக் கதைக்குள்ளேயே வந்துவிடும்.

தானியம் வந்தது, பூனை வந்தது

நாயை மனிதன் வேட்டைக்குப் பழக்கினான். மாட்டை உழவுக்கும் பாலுக்கும் பிடித்துக் கட்டினான். பூனையை யாரும் பிடித்துக் கட்டவில்லை. அது தானாகவே வந்தது. மேற்காசியாவில் மனிதன் கோதுமையும் பார்லியும் விதைத்து, அறுத்து, சேர்த்துவைக்கத் தொடங்கியபோது அந்தக் குதிரைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. இன்று உலகம் முழுவதும் உள்ள வீட்டுப் பூனைகளின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப் பூனைதான்.

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில், மனித எலும்புக்கூட்டுக்கு அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் முழுதாக இருந்ததை 2004-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது. அப்படியானால் யாரோ ஒரு உழவன் படகில் ஏறும்போது, விதை தானியத்தோடு பூனையையும் கொண்டுபோயிருக்கிறான்.

நம் துணைக்கண்டத்துக்கு வருவோம். சிந்து சமவெளி நாகரிக ஊர்களில் ஒன்று சான்குதாரோ. 1935-36-ல் அங்கே மெக்கே என்பவர் தோண்டியபோது ஒரு செங்கல் கிடைத்தது. ஈரம் காயாத செங்கல்லின் மேல் ஒரு பூனை ஓடியிருக்கிறது. அதன் பின்னாலேயே ஒரு நாயும் ஓடியிருக்கிறது. இரண்டின் கால்தடமும் அதில் பதிந்து நிற்கிறது. நம் வீட்டு வாசலில் இன்றைக்கு நடக்கிற சண்டை நாலாயிரம் வருஷத்துக்கு முன்பும் நடந்திருக்கிறது, பாருங்கள்.

தமிழில் பழைய பெயர் வெருகு. அது காட்டுப் பூனையைக் குறிக்கும். வெருகின் இளசைக் குட்டி என்று சொல்லவேண்டும் எனத் தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. மாலை நேரத்தில் வீட்டுக் கோழியைப் பிடிக்க வரும் வெருகைச் சங்கப் பாட்டில் காண்கிறோம். ஆக, பூனை நமக்குப் புதுச் சொந்தம் அல்ல. ஆனால் பழைய சொந்தம் என்பதாலேயே நாம் அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டோம்.

கோவையைக் கலக்கிய கொள்ளைநோய்

எலியால் வரும் நஷ்டம் தானியத்தோடு நின்றுவிடுவதில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1900-க்குப் பின்வந்த ஆண்டுகளில் நம் கோவையையும் அது பலமுறை தாக்கியது. கோவை நகரத்தில் இன்றும் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்கும்போது, அந்தக் காலத்து ஜனங்கள் பட்ட பயம் நமக்குப் புரியும்.

நோய் எப்படிப் பரவுகிறது என்பது முதலில் யாருக்கும் தெரியவில்லை. 1898-ல் சைமண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் இருந்தபோது அதைக் கண்டுபிடித்தார். எலியின் உடம்பில் உள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவருகிறது. எலி செத்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி மனிதனைக் கடிக்கிறது. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஆபத்து என்பதற்கு இதுதான் காரணம்.

அப்போது மத்திய இந்தியாவில் அம்ராவதியில் அரசு மருத்துவராக இருந்த புக்கானன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு விஷயத்தைக் கவனித்தார். எந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு பூனை இருக்கிறதோ, அங்கே பிளேக் குறைவாக இருக்கிறது என்று கணக்கெடுத்து, 1908-ல் லண்டன் மருத்துவ இதழில் எழுதினார். பூனை வளருங்கள் என்பதே அவர் வாதம். கிருமி இயலில் பெயர்பெற்ற ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவரும் இதே கருத்தைச் சொன்னார்.

இதில் பாதி உண்மை. எலி குறைந்தால் நோய் குறையும் என்பது சரி. ஆனால் பூனைக்கும் பிளேக் வரும் என்பதும், அதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் என்பதும் பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவில் 1977 முதல் அப்படிப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். ஆக, எலி பிடிக்கிற பூனை நமக்குக் காவல். ஆனால் அந்தக் காவல்காரனுடைய ஆரோக்கியத்தையும் நாம்தான் பார்க்கவேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயிறு நிறைந்த பூனை வேலை செய்யுமா?

இப்போது ஆத்தா கேட்ட கேள்விக்கு வருவோம்.

இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் என்ற விலங்கியல் அறிஞர், பண்ணைப் பூனைகளால் எலியைக் கட்டுப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். அவர் கண்டது இரண்டு விஷயங்கள். முதலாவது, எலி ஏற்கெனவே பெருகிக் கிடக்கிற பண்ணையில் பூனையைக் கொண்டுவந்து விட்டால் மட்டும் எலி ஒழிந்துவிடாது. முதலில் வேறு வழியில் எலியை ஒழிக்கவேண்டும். அதன்பிறகு பூனை இருந்தால், கட்டிடத்தைச் சுற்றிச் சுமார் 50 கஜ தூரத்துக்கு எலி திரும்பவும் குடியேறாமல் அது பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது, அந்தப் பூனை வீட்டோடு தங்கவேண்டுமானால் அதற்குத் தினமும் வீட்டில் தீனி வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அது இரை தேடிக் காடு கரையெல்லாம் சுற்றப் போய்விடும், காவல் போய்விடும்.

1976-ல் ஆடமெக் என்பவர் இன்னொரு சோதனை செய்தார். பூனைக்கு மிகவும் பிடித்த மீனை வைத்து, அது தின்றுகொண்டிருக்கும்போதே ஒரு எலியை விட்டார். பூனை மீனை விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்று, அதைத் தூக்கிக்கொண்டு தட்டுக்கு வந்து, மறுபடியும் மீனைத் தின்னத் தொடங்கியது! பூனைக்கு வேட்டை என்பது பசியோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. அது பிறவிக் குணம்.

ஆகவே, வயிறு காய்ந்தால்தான் எலி பிடிக்கும் என்ற கணக்கு தப்புக் கணக்குங்க. பட்டினி கிடக்கிற பூனை மெலியும், நோய் பிடிக்கும், பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கும், கடைசியில் எங்கோ போய்விடும். தீனி போட்ட பூனைதான் களஞ்சியத்தைச் சுற்றியே இருக்கும்.

பாலும் சோறும் போதாதா?

சரி, தீனி போடுகிறோம். என்ன தீனி? 'பூனைக்குப் பால்' என்பது நம் வழக்கம். ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிறு போகும். அதைவிட முக்கியமான ஒரு உண்மை 1975-ல் வெளிவந்தது.

அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும், பால் புரதத்தை வைத்துத் தயாரித்த தீனியைப் பூனைகளுக்குக் கொடுத்து வளர்த்தார்கள். அந்தப் பூனைகளுக்குக் கண்ணின் விழித்திரை கெட்டுப்போய்ப் பார்வை குறைந்தது. டாரின் என்ற ஒரு சத்து இல்லாததே காரணம் என்று கண்டார்கள். 1987-ல் கலிபோர்னியாவில் பயன் என்ற கால்நடை மருத்துவரின் குழு இன்னொன்றைக் கண்டது. இந்தச் சத்துக் குறைந்த பூனைகளுக்கு இதயத் தசை தளர்ந்து, இதயம் வீங்கிச் சாகின்றன. டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதற்குப் பிறகுதான் கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டினார்கள்.

நாயும் நாமும் இந்தச் சத்தை உடம்புக்குள்ளேயே போதுமான அளவு தயாரித்துக்கொள்வோம். பூனையால் அது முடியாது. மாமிசத்திலும் மீனிலும் இருந்துதான் பெறவேண்டும். அரிசி, ராகி, பருப்பு, காய் எதிலும் அது இல்லை. பாலில் மிகக் குறைவு. எலியின் உடம்பில் தாராளமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் தயிர்ச் சோறு தின்ற பூனை நன்றாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். அது ராத்திரியில் நாலு எலியைத் தின்று மீதிக் கணக்கை நேர் செய்துகொண்டது. இன்று சிமெண்டு வீட்டுக்குள் கதவைச் சாத்தி வளர்க்கிற பூனைக்கு எலி எங்கே கிடைக்கும்?

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம். நாலு மாதம் வரை நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு காலையும் பொழுதோடவும் இரண்டு வேளை தீனி வையுங்கள்.

உப்பு, காரம், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது மத்தி, நெத்திலி போன்ற மலிவு மீன் நல்லது. வேகவைத்த முட்டை இடையிடையே கொடுக்கலாம். கொஞ்சம் சோறு பிசைந்துகொள்ளலாம். ஆனால் கறி அதிகம், சோறு கொஞ்சம் என்று இருக்கவேண்டும். ஈரல் வாரம் ஒருமுறை, அதுவும் சிறு துண்டு போதும். கறி மட்டுமே போட்டாலும் தப்பு. எலியைத் தின்கிற பூனை அதன் எலும்பையும் சேர்த்துத் தின்கிறது. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் வளரும் குட்டிக்கு எலும்பு பலவீனமாகும். ஆகவே குட்டிக்குக் கடையில் விற்கும் பூனைக்குட்டித் தீனியைக் கறியோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் மாமிசம் சமைக்காதவர்களுக்கும் அதுவே வழி. நன்கு வளர்ந்த பூனைக்கு உலர் தீனி மட்டும் கொடுத்தால் நாளைக்குச் சுமார் 50 கிராம் போதும். நாய்த் தீனியைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் இந்தச் சத்துக்கணக்கு வேறு.

பச்சை மீனைத் தொடர்ந்து போடவேண்டாம். சில மீன்களில் உள்ள ஒரு பொருள் 'பி1' வைட்டமினை அழித்துவிடும். சமைத்த கோழி எலும்பு குத்திக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். குழம்புச் சோறு போடாததற்கு அதுவே காரணம். தண்ணீர் எப்போதும் ஒரு அகலமான கிண்ணத்தில், தீனித் தட்டை விட்டுத் தள்ளி, இருக்கட்டும்.

மலையேறிப் போன கடிபட்டவர்கள்

பூனை வளர்க்கிறவர்கள் மறக்கக்கூடாத இன்னொரு கதை, நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரமடையைத் தாண்டி மேட்டுப்பாளையம் போய், 1899-ல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏறினால் குன்னூர். அங்கே 1907-ல் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அதற்கு முன்பு வெறிநாய் கடித்தால் தென்னிந்தியாவில் ஊசி கிடையாது. வசதியுள்ளவர்கள் கப்பலேறிப் பாரிஸ் நகரத்துக்குப் போனார்கள். 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஒரு நிலையம் வந்தது. அதுவும் இங்கிருந்து பல நாள் பயணம். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண், வேளைக்கு ஊசி கிடைக்காமல் வெறிநோயில் இறந்தாள். அந்தச் சாவு பலரை உலுக்கியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த நன்கொடையின் உதவியோடு குன்னூர் நிலையம் எழுந்தது.

ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து, வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வலிக்குப் பயந்து ஊசி போடாமல் விட்டவர்களும் உண்டு. அந்த ஊசி 2005-லிருந்து நம் நாட்டில் இல்லை. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள்.

இதைப் பூனைப் பேச்சில் ஏன் சொல்கிறேன்? வெறிநோய் நாய்க்கு மட்டும் சொந்தமல்ல. வெறிநாய் கடித்த பூனைக்கும் அது வரும். அந்தப் பூனை கடித்தாலும் பிராண்டினாலும் மனிதனுக்கு வரும். வந்துவிட்டால் பிழைப்பது கிடையாது என்றே சொல்லவேண்டும். "பூனைதானே பிராண்டுச்சு" என்று குழந்தை சொன்னால் அலட்சியமாக விடாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பூனைக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு வருஷம் ஒருமுறை. குட்டிகளை வாந்தியும் பேதியுமாகக் கொண்டுபோகும் நச்சுயிரி நோய் ஒன்று உண்டு. அதற்கும் சளி நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி இருக்கிறது. எட்டு வாரத்தில் தொடங்கி, நாலு மாதம் வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டும். குடற்புழு மருந்தையும் கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போட்டுக் குட்டிகளைச் சந்தையோரம் விடுகிற பாவம் நமக்கு வராது. பூனையின் மலத்தைக் கர்ப்பிணிப் பெண்கள் அள்ளவேண்டாம். அதிலிருந்து சிசுவைப் பாதிக்கும் ஒரு கிருமி தொற்றலாம். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை, வேறு யாராவது அள்ளினால் போதும்.

நாமே வைக்கிற விஷம்

கடைசியாக ஒன்று. ஒரு கையால் பூனை வளர்க்கிறோம், மறு கையால் எலி விஷம் வைக்கிறோம். விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடி நடக்கும். தள்ளாடுகிற எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். ரத்தம் உறையாமல் செய்யும் விஷக் கட்டிகளைத் தின்ற எலியைப் பூனை தின்றால், அதற்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியும். நாலு நாள் கழித்து ஈறு வெளுத்து, மூலையில் படுத்துச் சாகும். "பூனை என்னமோ காத்துக் கருப்பு அடிச்சுச் செத்துப்போச்சு" என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

எல்டன் சொன்ன முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் எலியை ஒழி, பிறகு பூனையைக் காவல் வை. விஷம் வைத்தே ஆகவேண்டுமானால், பூனை வருவதற்கு முன்பே வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் விஷத்தை விட்டு எலிப்பொறியைப் பயன்படுத்துங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் எடுத்து ஆழப் புதையுங்கள்.

மனிதனுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு விஷம். கால் மாத்திரையும் கொல்லும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் சிலவும் அப்படித்தான். பூனை ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாவிட்டாலும், கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கினாலும், வாய் திறந்து மூச்சு வாங்கினாலும், கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள்.

பெருமக்களே, ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்பு நம் தானியக் குதிரைத் தேடித் தானாக வந்த பிராணி இது. கூலி கேட்டதில்லை, கட்டிப் போடச் சொன்னதில்லை. நாளைக்கு இரண்டு பிடி கறித் தீனி, ஒரு கிண்ணம் தண்ணீர், வேளைக்கு ஊசி. இந்தச் செலவைச் செய்துபாருங்கள். மூட்டையும் பத்திரமாக இருக்கும், குழந்தையும் பத்திரமாக இருக்கும்.